காயில் அக்கா உட்கார்ந்த படம்

படத்தில் ஒரு அறை இருக்கிறது. வலது ஓரத்தில் ஜன்னல். அதன் கம்பிகளில் ஒன்று மட்டும் நடுவில் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. ஜன்னலை ஒட்டி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலை குனிந்திருக்கிறது, கைகள் மடியில் கிடக்கின்றன. வெளிச்சம் அவள் நெற்றியிலும் ஒரு பக்கக் கன்னத்திலும் விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. படத்தின் முக்கால் பாகம் வெறும் சுவர். சாம்பலும் பழுப்பும் கலந்த, ஒன்றும் மாட்டாத சுவர். இடது ஓரத்தில் ஒரு காலி நாற்காலி அவளைப் பார்த்தபடி போட்டிருக்கிறது. பெண்ணுக்கும் நாற்காலிக்கும் நடுவே தரையில் எதுவும் இல்லை.

பார்க்கிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படி ஒரு அமைதி அதில்.

உண்மையில் அந்த அறையில் அமைதி என்பது கிடையாது. நேர் கீழே மோட்டார் ரிப்பேர் கடை. காலையில் ஷட்டர் ஏறும் சத்தத்தில் தொடங்கி மாலைவரை சுத்தியல், ரம்பம், ஓட்டிப் பார்க்கும் மோட்டாரின் உறுமல். சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் கம்பி வளையங்கள், நூல்கண்டு, ஒரு காலண்டர், பழைய கத்தரிக்கோல். தரையில் தாமிரக் கம்பித் துண்டுகள் கிடக்கும். செருப்பில்லாமல் நடந்தால் குத்தும். ஜன்னலோர மேஜையில் கைப்பிடி வைத்துச் சுற்றும் மிஷின். அந்தப் பெண் மடியில் கை வைத்து உட்கார்ந்ததை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

தெருவில் அவளுக்குப் பெயர் காயில் அக்கா. ஐம்பதைத் தாண்டியவள். எரிந்துபோன மோட்டாரைக் கடையில் பிரித்துக் கருகிய கம்பியை உருவி எடுத்ததும், அந்த இடத்தில் வைக்கப் புதுச் சுருள் வேண்டும். அதைத்தான் காயில் என்பார்கள். அந்தச் சுருளைச் சுற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை. வலது கை கைப்பிடியைச் சுழற்றும். இடது கை ஒரு துணித்துண்டு வழியாகக் கம்பியை மர அச்சுக்கு ஓட்டிக்கொடுக்கும். சுற்றுகளை எண்ண வேண்டும். ஒன்றிரண்டு தப்பினால் மோட்டார் சூடாகும், அதற்கு மேல் தப்பினால் எரியும். மிஷினில் எண் காட்டும் முள் ஒன்று உண்டு. அது எந்தக் காலத்திலோ நின்றுவிட்டது.

வேலை முதலில் அவள் கணவருடையது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது அவள் மிஷினில் உட்கார்ந்தாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சத்தமாக எண்ணுவார், அவள் சுற்றுவாள். சுற்றிக்கொண்டே ஊர்வம்பெல்லாம் பேசுவாள். எண்ணிக்கை அவர் பொறுப்பு என்பதால் அவள் வாய்க்கு ஓய்வே இல்லை. பல வருஷம் அப்படிப் போயிற்று. அவர் இறந்தபிறகு எண்ணுவதும் அவள் வேலையாயிற்று. அவளால் சத்தமாக எண்ண முடியவில்லை. மனதுக்குள் எண்ணினாள்.

அப்போதுதான் அந்த முகம் வந்தது. கண் கம்பியில் இருக்கும். உதடு ஒட்டியும் ஒட்டாமலும் அசையும். யார் என்ன கேட்டாலும் பதில் வராது. கடைக்கு வரும் புது ஆட்கள் மாடி ஏறிக் குரல் கொடுத்துவிட்டு, அந்தம்மாவுக்கு ஏதோ பெரிய துக்கம் போல என்று கீழே போய்ச் சொல்வார்கள்.

"துக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல. பாதி காயில்ல இருக்காங்க. இப்பப் போனீங்கன்னா திட்டு வாங்கிட்டு வருவீங்க" என்பார் கடை மெக்கானிக்.

படம் வரைந்தவர் எதிர்ப் போர்ஷனில் குடியிருக்கும் டிராயிங் மாஸ்டர். காதில் எப்போதும் பென்சில் இருக்கும். பென்சில் காதில் இருப்பது மறந்துபோய் இன்னொன்று செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாட்களும் உண்டு. ஆகவே பென்சில் சார். ஒரு விடுமுறை நாள் காலையில் படி ஏறி வந்தவர், திறந்திருந்த கதவு வழியாக அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வரையலாமா என்று கேட்டார். பதில் வரவில்லை. காயில் முடிந்ததும் அவளே, "என்ன சார், ஏதோ கேட்டீங்க போல" என்றாள்.

சும்மா உட்கார நேரமில்லை என்று அவள் சொன்னாள். சும்மா உட்கார வேண்டாம், வேலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார் அவர். அப்படியானால் சரி. விடுமுறை நாட்களில் அவர் வாசல் பக்கம் பலகையை நிறுத்திக்கொண்டு வரைந்தார், அவள் சுற்றினாள். முதலில் படத்தில் மிஷினும் இருந்தது, ஆணிகளும் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக அழிந்தன. கடைசியில் ஒரு நாள் தன் அறையிலிருந்து நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து சுவரோரமாகப் போட்டார். அதற்கு ஒரு கால் ஆடும். அடியில் அட்டை மடித்து வைத்தார்.

முடிந்த படத்தை அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். தன் ஜன்னல், தன் மூக்கு, எல்லாம் அச்சாக இருக்கிறது என்றாள். பிறகு மிஷின் எங்கே என்று கேட்டாள். அது இருந்தால் கண் அங்கேயே ஓடிவிடுகிறது என்று அவர் விளக்கினார். அவளுக்குக் கீழே வேலை இருந்தது. போய்விட்டாள். படத்தை மறந்தும்விட்டாள்.

பென்சில் சார் படத்தின் பின்னால் 'ஜன்னலோரம்' என்று எழுதியிருந்தார். அது பெரிய நகரத்தில் ஒரு கண்காட்சிக்குப் போய், அங்கிருந்து ஒரு கண் மருத்துவமனைக்குப் போயிற்று. நோயாளிகள் உட்காரும் கூடத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அவர்கள் அதன் கீழே 'காத்திருப்பு' என்று ஒரு பித்தளைத் தகடு அடித்துவிட்டார்கள்.

அவள் மகன் வேலை பார்ப்பது அந்த நகரத்தில்தான், ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில். எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்று கண் காட்டப் போனவன், முறை வருவதற்காக அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். எதிரே படம். முதலில் அவன் பார்த்தது வளைந்த ஜன்னல் கம்பியை. சிறுவயதில் அதில் தலையைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அவன். அப்பா இரும்புக் கம்பி வைத்து நெம்பி எடுத்தார். அதன்பிறகுதான் முகத்தைப் பார்த்தான். அதன்பிறகு நாற்காலியை.

பக்கத்தில் கண்ணில் பச்சைத் துணியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் இன்னொரு கண்ணால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவனிடம் பேச்சுக் கொடுத்தார்.

"பாவம், யாருக்கோ உட்கார்ந்திருக்கா. வர்றவன் வரமாட்டான். அது அவளுக்கே தெரியும், பாருங்க."

உள்ளே அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

தெருவில் நின்றே அம்மாவுக்குப் போன் செய்தான். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா எல்லாம் கேட்டுவிட்டு, யாருக்காகம்மா காத்துக்கிட்டு இருக்கே என்றான். கம்பிக்குத்தான், ஆர்டர் கொடுத்தது இன்னும் வரவில்லை, கடைக்காரன் இழுத்தடிக்கிறான் என்றாள் அவள். படத்தைப் பார்த்ததைச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தானும் மனைவியும் வருவதாகவும், இனி அவளை அங்கே தனியாக விடப்போவதில்லை என்றும், துணிமணியை எடுத்து வைக்கும்படியும் சொன்னான். அவள் பதில் சொல்வதற்குள் ஒரு லாரி கடந்துபோனது. லாரி போனபின் போனும் கட்டாகியிருந்தது.

அவளுக்குப் போக விருப்பமில்லை. மகன்மேல் குறை ஒன்றும் இல்லை. மருமகள் வாய் துடுக்கு, ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதவள். அங்கே அவளுக்கென்று தனி அறைகூட இருந்தது. அந்த அறையில் அவள் ஒரு முறை நாலு நாள் இருந்திருக்கிறாள். கட்டிலை ஒழுங்குபடுத்துவாள், ஜன்னலுக்கு வருவாள், திரும்பிக் கட்டிலுக்குப் போவாள். எல்லோரும் அன்பாக, உட்காருங்க உட்காருங்க என்றார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலித்தது. இங்கே கீழே ஒரு மோட்டார் உறுமினால் அது நேற்றுச் சுற்றிய காயிலா, போன வாரத்துக் காயிலா என்று அவளுக்குத் தெரியும்.

நேராகப் பென்சில் சார் கதவைத் தட்டினாள். படத்தில் மிஷினைத் திரும்பப் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டாள். அது விற்றாகிவிட்டது, இனித் தொடமுடியாது என்றார் அவர். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மிஷின் இருந்தா எல்லாரும் மிஷினைத்தான்க்கா பார்ப்பாங்க. உங்களைப் பார்க்க மாட்டாங்க."

"மிஷின் இல்லாம பார்த்தவங்க மட்டும் என்னையா சார் பார்த்தாங்க?"

அவர் பென்சிலால் காற்றில் ஒரு சதுரம் போட்டுக் காட்டினார். அவ்வளவு பெரிய சுவரை எதற்கு விட்டேன் என்றால், ஆள் சின்னதாகத் தெரிந்தால்தான் வெளிச்சம் பெரிதாகத் தெரியும் என்றார். வலது பக்கம் ஜன்னலும் ஆளும் சேர்ந்து பாரம் ஏறிவிட்டது, இடது பக்கம் எதையாவது வைக்காவிட்டால் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்றார்.

"உங்க படம் சாயாம இருக்கணும்னு என் வீட்டுல ஆளைக் காணோம்னு ஆக்கிட்டீங்க. ஒரு பானையை வச்சிருக்கலாம்ல? ஒரு பெட்டியை வச்சிருக்கலாம்ல?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அவர் சிரிக்கவில்லை. மெல்லச் சொன்னார். "பானையும் வச்சுப் பார்த்தேன்க்கா. சரியா வரல. ஒரு நாள் மதியம் நான் படி ஏறி வரும்போது நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. கதவு திறந்திருந்துச்சு. அப்பத்தான் நாற்காலி தோணுச்சு."

சாப்பிடும்போது எதிரே எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அதை யாரும் பார்த்திருப்பார்கள் என்று நினைத்ததில்லை. நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் சொன்னதற்கு முந்திய பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அவள் ஒரு தண்ணீர் மோட்டாருக்கான காயிலில் இருந்தாள். பெரிய காயில், முக்கால்வாசி ஆகியிருந்தது. மகன் வாசலில் நின்று, அம்மா என்றான். அவள் நிமிரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். வெளிச்சம் நெற்றியில் விழுந்திருந்தது. உதடு அசைந்தது. மருத்துவமனைச் சுவரில் பார்த்த அதே முகம்.

அவன் அந்த வீட்டில் இருந்தவரை எண்ணியது அப்பா. அம்மா என்றால் அவனுக்கு ஓயாத பேச்சு. அப்பா போனபிறகு அவன் வந்தபோதெல்லாம் அவள் வேலையை மூடிவைத்துவிட்டு அவனுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். இந்த முகம் அவனுக்குப் புதிது.

அவன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். கம்பித் துண்டு ஏதாவது குத்தியிருக்கும். அவனுக்கு அது தெரியவில்லை.

"அம்மா, தப்பு எம்மேலதாம்மா. அப்பா போன அன்னைக்கே உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும். நீ நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொன்னே, நானும் எனக்கு வசதியா இருந்துச்சுன்னு நம்பிட்டேன். நீ பேசலைன்னாலும் பரவாயில்ல. அழணும்னா அழு."

அவளுக்கு எல்லாம் கேட்டது. மகன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. சுற்று தவறிவிடும் போலிருந்தது. கண்ணைக் கம்பியிலிருந்து எடுக்காமல் கைப்பிடியைக் கொஞ்சம் மெதுவாகச் சுழற்றினாள். உதடு வேகமாக அசைந்தது. அம்மாவின் உதடு துடிக்கிறது என்று அவன் நினைத்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. வாசலில் பையோடு நின்ற மருமகள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தாள்.

கைப்பிடி நின்றது. அவள் கம்பியைக் கத்தரித்து, நாலு இடத்தில் நூல் கட்டி, அச்சிலிருந்து காயிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். மூச்சு விட்டாள்.

"எப்ப வந்தீங்க? முதல்ல தண்ணி குடிங்க. ஏண்டா, அழணும்னா அழுங்கிறியே, முக்கால் காயில்ல அழுதா அந்த மோட்டார் என்னத்துக்கு ஆகும்?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகனுக்கு வரவில்லை. அவள் எண்ணும் கதையைச் சொன்னாள். அவன் நம்பவில்லை. சமாளிக்கிறாய் என்றான். படத்தில் மிஷினே கிடையாது, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாய், எதிரே அப்பா நாற்காலி, அதைப் பார்க்கத் தனக்குத் தைரியம் வரவில்லை என்றான்.

"எந்த அப்பா நாற்காலி? அது பென்சில் சார் வீட்டு நாற்காலி. உங்க அப்பா எப்படா நாற்காலியில உட்கார்ந்தாரு? கட்டிலை விட்டா மோட்டார் மேல உட்காருவாரு."

அவன் விடவில்லை. அவள் வேறு வழியில்லாமல் எழுந்து, மிஷினில் அவனை உட்காரச் சொன்னாள். ஒரு சின்ன ஃபேன் காயிலுக்கு அச்சை மாட்டிக் கம்பியை நுழைத்துக் கொடுத்தாள். எத்தனை சுற்று என்று சொன்னாள். ஒன்று தப்பினாலும் அவிழ்த்து மறுபடி சுற்ற வேண்டும், கம்பி வீணாகும் என்றும் சொன்னாள். படித்த பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்று அவன் உட்கார்ந்தான். கைப்பிடியைச் சுழற்றினான். முதலில் ஏதோ சொல்ல வாயெடுத்து, உடனே மூடிக்கொண்டான். தோள் தாழ்ந்தது. தலை குனிந்தது. கண் கம்பியில் போய் விழுந்தது. முகத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று.

மருமகள் கைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்தாள். மிஷின் வராமல், முகமும் ஜன்னலும் மட்டும் வரும்படி. எடுத்ததைப் பார்த்து, பேசாமல் மாமியாரிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்த காயில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசிச் சுற்று முடிந்து அவன் நிமிர்ந்ததும் மருமகள் அவனிடமே காட்டினாள். "என்னங்க, உங்களை யாரு விட்டுட்டுப் போனா? நான் இங்கதானே நிக்கிறேன்."

அவன் படத்தைப் பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். அப்பா செத்த அன்றுகூடத் தன் முகம் இப்படி இருந்ததில்லை என்று தோன்றியது. மெல்ல அவனுக்கும் சிரிப்பு வந்தது. சுற்று சரியாக இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். சிரித்ததில் மறந்துவிட்டது என்றான். அவள் காயிலைக் கையில் எடுத்துப் பார்த்து, குறைகிறது என்று அவிழ்க்க ஆரம்பித்தாள்.

விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். மகன் தோற்றுவிட்டான், அவனுக்கே அது தெரிந்திருந்தது. கூட்டிப்போகும் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு மேஜையிலிருந்து கம்பிகளை ஒதுக்கினார்கள். மூன்று பேருக்கு உட்கார இடம் போதாமல் மருமகள் எதிர்ப் போர்ஷனில் போய் நாற்காலி கேட்டு வாங்கி வந்தாள். அது ஆடியது. மகன் அதில் உட்கார்ந்தான், அம்மாவுக்கு எதிரே.

அவள் அவனுக்குப் பரிமாறினாள். அவன் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தப் படம் முழுக்கப் பொய்னு சொல்லமாட்டேன். சுத்தும்போது எனக்கு ஒண்ணும் இல்ல. அது சத்தியம். ஆனா சாப்பிட உட்காரும்போது இருக்கு. எதிர்ல பார்த்துக்கிட்டே சாப்பிடுவேன். என்னத்தைப் பார்க்கிறேன்னு கேட்டா தெரியாது."

கீழே கடை பூட்டியிருந்த நாள் அது. சத்தம் எதுவும் இல்லை. மகன் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தான். அவள் தானாகக் கொடுத்துவிட்ட இடம் அது. அவன் வற்புறுத்தினால் இப்போது அவளால் மறுக்க முடியாது. அது மூவருக்கும் தெரிந்தது.

"அப்ப வாயேம்மா" என்றான்.

அவள் பதில் சொல்லவில்லை. இந்த முறை எதையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

மருமகள்தான் பேசினாள். "அத்தை, நான் ஒண்ணு சொல்றேன், இவரு கோவிச்சுக்குவாரு. அங்க வந்தா மட்டும் யாரு உங்க எதிர்ல உட்காருவா? இவரு மதியம் ஆபீஸ். ராத்திரி டிவிக்கு எதிர்ல. நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டுப் பாத்திரம் கழுவப் போயிடுவேன். நாம மூணு பேரா உட்கார்ந்து சாப்பிடறது இன்னைக்குத்தான். உங்களைக் கூட்டிட்டுப் போறது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இதுக்காகன்னு கூப்பிட்டா அது பொய்."

மகன் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தான். அவள் சொன்னது வீட்டுக்குள் தினமும் நடப்பது. ஆனால் யாரும் அதைச் சொல்லி அவன் கேட்டதில்லை. ஆறிப்போகிறது, சாப்பிடு என்றாள் அம்மா. சாப்பிட்டார்கள். மருமகள் தன் அலுவலகத்தில் தூங்கி விழும் ஒரு மேலாளரைப் பற்றிச் சொன்னாள். காயில் அக்கா அதற்குக் கடையில் நடந்த ஒன்றைச் சொன்னாள். ஒன்றிலிருந்து இன்னொன்று என்று பேச்சு நீண்டது. கை காய்ந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மாலை பஸ்ஸுக்கு அவர்கள் இருவராகவே கிளம்பினார்கள். கோடைக்கால வேலை முடிந்ததும் பத்து நாள் வந்து இருப்பதாக அவள் சொன்னாள். பத்து நாள் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும், அதற்கு மேல் தாங்காது என்றும் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் மகன் கொஞ்ச நேரம் செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். மதியம் எத்தனை மணிக்கு உட்காருவாய் என்று கேட்டான். கடையில் மிஷின்களை நிறுத்தினதும்தான் என்றாள். அந்த நேரத்துக்கு நானும் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிடுகிறேன் என்றான்.

"கூப்பிடு. ஆனா பேசணும்னு கட்டாயம் வச்சுக்காதே. நீயும் சாப்பிடு."

அவன் கூப்பிட்டான். அவள் கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்திவைத்துக்கொண்டு சாப்பிட்டாள். பேச்சு அதிகம் இருக்காது. அந்தப் பக்கம் கரண்டி சத்தமும் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தமும் கேட்கும். ஒரு நாள், வாயை மூடி மெல்லுடா, இங்கவரைக்கும் கேட்குது என்றாள். வேலை அதிகமான நாட்களில் அவன் மறந்தும் போனான். அன்றைக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பாடு ஆறுவதற்குள் அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.